நாற்பத்தொன்றாவது இடம்

ஒரு வகுப்பில் நாற்பது மாணவர்கள். அவர்களுடைய மதிப்பெண்களை வைத்துக்கொள்ள பேசிக் மொழியில் 40 இடங்கள் கொண்ட ஓர் அணியை அறிவிக்கிறோம். அணி என்பதைப் புரோகிராம் எழுதுகிறவர்கள் பேச்சில் அரே என்பார்கள். ஒரே பெயரின் கீழ், எண்ணிட்டு, நினைவகத்தில் அடுத்தடுத்து வைக்கப்பட்ட மதிப்புகளின் வரிசை அது. எங்கோ கணக்கு ஒன்று கூடிப்போய், புரோகிராம் 41-ஆவது இடத்தில் ஒரு மதிப்பெண்ணை எழுதப் பார்க்கிறது. மைக்ரோசாஃப்ட் 1988-இல் வெளியிட்ட குவிக்பேசிக் 4.5-இன் திரைக்குள்ளேயே அந்தப் புரோகிராமை ஓட்டினால், அதே வரியில் நின்றுவிடும். சப்ஸ்கிரிப்ட் அவுட் ஆஃப் ரேஞ்ச் என்ற செய்தி வரும். அதாவது, அணியின் எல்லைக்கு வெளியே இருக்கும் எண்ணைக் கேட்டுவிட்டாய் என்று பொருள். அதே புரோகிராமை, ஓர் எழுத்தையும் மாற்றாமல், தனியாக ஓடக்கூடிய இஎக்ஸ்இ கோப்பாக மாற்றி இன்னொருவரிடம் கொடுத்தால் அந்தச் செய்தி வராது. இப்படி மாற்றித் தரும் கம்பைலரிடம் எல்லைச் சோதனையைத் தனியாகக் கேட்டு வாங்கியிருந்தால் ஒழிய, இல்லாத அந்த 41-ஆவது இடத்தில் எழுதிவிட்டு அது அடுத்த வரிக்குப் போய்விடும்.

எழுதியவரின் மேசையில் சோதனை இருக்கிறது, பயன்படுத்துகிறவரின் மேசையில் இல்லை. கம்பைல் செய்யப்பட்ட பேசிக் புரோகிராம்களில் பல ஆண்டுகள் வழக்கமாக இருந்த இந்த ஏற்பாடு தவறான ஆளைக் காப்பாற்றியது என்பதே என் வாதம். எழுதியவருக்குப் பிழை தெரிந்தால் திருத்திக்கொள்வார். அவருக்கு அது அரை மணி நேர வேலை. பயன்படுத்துகிறவருக்குப் பிழை நடந்ததே தெரியாது, தெரிந்தாலும் திருத்த வழி கிடையாது. அதே சமயம், எல்லைச் சோதனையைப் போட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பதும் தவறு. அந்தச் சோதனை எதைப் பார்க்கும், எதைப் பார்க்காது என்று தெரிந்துகொள்ளாமல் அதை நம்புவதில் வேறு வகை ஆபத்து இருக்கிறது.

முதலில் அந்த 41-ஆவது இடத்தில் என்னதான் இருக்கிறது என்று பார்த்துவிடலாம். குவிக்பேசிக்கில் ஒரு முழு எண்ணுக்கு இரண்டு பைட். நாற்பது மதிப்பெண்கள் 80 பைட். நான்காவது மதிப்பெண் வேண்டுமென்றால், அணி தொடங்கும் முகவரியோடு மூன்று இரண்டு ஆறைக் கூட்டினால் போதும். 41-ஆவது வேண்டுமென்றால் நாற்பது இரண்டு எண்பதைக் கூட்ட வேண்டும். அந்த முகவரி அணி முடிந்த இடத்துக்கு அடுத்த பைட். கணினிக்கு இரண்டு கூட்டலும் ஒன்றுதான். அங்கே வேறொரு மாறி இருக்கலாம். ஒரு மாணவரின் பெயரைப் பற்றிய குறிப்பும் இருக்கலாம். குவிக்பேசிக் 4.5 எழுத்துத் தொடர்களை நேரடியாக மாறியின் இடத்தில் வைப்பதில்லை. நான்கு பைட் குறிப்பு ஒன்றை வைக்கிறது. முதல் இரண்டு பைட்டில் தொடரின் நீளம், அடுத்த இரண்டில் எழுத்துகள் இருக்கும் முகவரி. அணிக்குப் பக்கத்தில் அத்தகைய குறிப்பு ஒன்று அமைந்துவிட்டது என்று வையுங்கள். பெயர் ஆறு எழுத்து. 41-ஆவது மதிப்பெண் 87. எழுதிய மறுகணம் அந்தப் பெயரின் நீளம் 87 ஆகிவிடுகிறது. பெயரை அச்சடித்தால் ஆறு எழுத்துக்குப் பின்னால் நினைவகத்தில் கிடந்த மற்றவை எல்லாம் இழுத்துக்கொண்டு வரும். அதற்குப் பிறகும் புரோகிராம் ஓடும். எப்போதாவது எழுத்துத் தொடர்களுக்கான இடத்தை ஒழுங்குபடுத்த மொழியின் ரன்டைம், அதாவது புரோகிராமோடு சேர்ந்து ஓடும் துணை நிரல், முனையும்போது, எழுத்துத் தொடர்களின் இடம் சிதைந்துவிட்டது என்ற செய்தியோடு எல்லாம் நின்றுபோகும். குவிக்பேசிக்கின் ஆவணமே இந்தச் செய்திக்கு இருக்கக்கூடிய காரணங்களில் ஒன்றாக, எல்லை தாண்டிய அணி எண்ணைக் குறிப்பிடுகிறது. தவறு செய்த வரி ஒரு பக்கம், தண்டனை கிடைத்த வரி ஒரு பக்கம். இடையில் எத்தனை ஆயிரம் வரிகள் ஓடியிருக்கும் என்பது யாருக்கும் தெரியாது. இதைத் தேடிக் கண்டுபிடிப்பது எவ்வளவு கொடுமை என்பதைப் புரோகிராம் எழுதிய எவரும் அறிவார்.

பேசிக் இப்படிப்பட்ட மொழியாகப் பிறக்கவில்லை. அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியில் 1964-இல் ஜான் கெமெனி, தாமஸ் கர்ட்ஸ் என்ற இரு கணிதப் பேராசிரியர்கள் அதை உருவாக்கியபோது, அறிவியல் படிக்காத மாணவர்களும் கணினியில் வேலை செய்ய வேண்டும் என்பதே அவர்கள் நோக்கம். இயந்திரத்தின் உள்விவகாரம் தெரியாதவர்களுக்கான மொழியில், தவறு செய்தால் புரியும் வார்த்தையில் சொல்ல வேண்டும் என்பது அடிப்படைத் தேவை. டிம் என்று எழுதி எல்லையை அறிவிப்பது தொடக்கத்திலேயே இருந்தது. எல்லையை மீறினால் சொல்லும் பிழைச்செய்தியும் இருந்தது. இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. டார்ட்மவுத்தின் அந்த முதல் பேசிக்கும் ஒரு கம்பைலர்தான். எழுதிய புரோகிராமை முழுக்க இயந்திரக் கட்டளைகளாக மாற்றிய பிறகே அது ஓட்டியது. ஆகவே கம்பைல் செய்தால் எல்லைச் சோதனை போய்விடும் என்பது இயற்கை விதி அல்ல. பின்னால் வந்தவர்கள் எடுத்த முடிவு அது.

ஏன் எடுத்தார்கள் என்பதும் புரிகிறது. 1975-இல் ஆல்டேர் கணினிக்காக வந்த மைக்ரோசாஃப்ட்டின் முதல் பேசிக்கும், பிறகு ஐபிஎம் பிசி காலத்தில் வந்த ஜிடபிள்யூ-பேசிக்கும் இன்டர்பிரிட்டர்கள். ஒவ்வொரு வரியையும் ஓட்டும்போதே படித்து, மாறியின் பெயரைப் பட்டியலில் தேடி, பிறகு வேலையைச் செய்கிறவை. இவ்வளவு வேலைக்கு நடுவே எண் எல்லைக்குள் இருக்கிறதா என்று ஒருமுறை ஒப்பிடுவது பெரிய செலவாகத் தெரியாது. கம்பைலர் வந்ததும் நிலைமை மாறியது. தேடல், படித்தல் எல்லாம் முன்கூட்டியே முடிந்துவிட்டதால் ஓர் அணியின் இடத்தை எடுப்பது சில கட்டளைகளில் முடிந்துவிடும். கீழ் எல்லையோடு ஓர் ஒப்பீடு, மேல் எல்லையோடு ஓர் ஒப்பீடு, தாண்டினால் வேறு இடத்துக்குப் போகும் தாவல் என்று சேர்த்தால், சோதனையின் செலவு வேலையின் செலவுக்குச் சமமாக வந்து நிற்கும். 4.77 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடிய 8088 சிப்பில், லட்சம் முறை சுழலும் ஒரு லூப்பில் அது கண்ணுக்குத் தெரியும். வேகம் வேண்டும் என்பதற்காகத்தான் மக்கள் கம்பைலரையே வாங்கினார்கள்.

ஆகவே சோதனையை ஒரு விருப்பத் தேர்வாக ஆக்கினார்கள். குவிக்பேசிக்கில் கட்டளை வரியிலிருந்து கம்பைல் செய்கிறவர்கள் சாய்கோடு போட்டு டி என்ற எழுத்தைச் சேர்க்க வேண்டும். திரையிலிருந்தே இஎக்ஸ்இ செய்கிறவர்கள் பிழை தேடும் கட்டளைகளையும் சேர் என்ற பெட்டியில் குறியிட வேண்டும். அப்படிச் செய்தால் அணி எல்லை, எண் வரம்பு மீறல் போன்றவை எல்லாம் ஓடும்போதும் சோதிக்கப்படும். 1987-இல் போர்லாண்ட் வெளியிட்ட டர்போ பேசிக்கிலும் எல்லைச் சோதனை மெனுவில் ஒரு தேர்வாகவே இருந்தது. பெயரைக் கவனியுங்கள்: பிழை தேடும் கட்டளைகள். இது எழுதும் காலத்துக்கு மட்டும் உரியது, வேலை முடிந்ததும் கழற்றிவிடலாம் என்ற எண்ணத்தை அந்தப் பெயரே விதைத்துவிடுகிறது. கேட்காவிட்டால் கிடைக்காது என்ற முன்னிருப்பும் சேர்ந்துகொண்டது. முன்னிருப்பாக எது இருக்கிறதோ அதுவே பெரும்பாலானோரின் தேர்வு. குறிப்பாக, பேசிக் எழுதியவர்களில் பெரும்பகுதி கம்பைலரின் கையேட்டை முழுக்கப் படித்தவர்கள் அல்ல. கெமெனியும் கர்ட்ஸும் யாரை மனத்தில் வைத்து அந்த மொழியைச் செய்தார்களோ, அதே ஆட்களிடம் இந்த முடிவு ஒப்படைக்கப்பட்டது.

வேறு வழி இருந்தது என்பதற்குச் சான்று அதற்கும் முன்பே உண்டு. 1960-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் எலியட் நிறுவனத்தில் டோனி ஹோர் அல்கால் மொழிக்கு ஒரு கம்பைலர் எழுதினார். அணியின் ஒவ்வோர் எண்ணும் ஒவ்வொரு முறையும் சோதிக்கப்பட வேண்டும் என்பது அவர் வகுத்துக்கொண்ட விதி. அவர் வேலை செய்த எலியட் 803, ஐபிஎம் பிசியோடு ஒப்பிட்டால் பரிதாபமான இயந்திரம். பல ஆண்டுகள் கழித்து, உற்பத்தியில் ஓடும் புரோகிராம்களில் இந்தச் சோதனையை நிறுத்திக்கொள்ளும் வசதி வேண்டுமா என்று வாடிக்கையாளர்களிடம் கேட்டபோது, வேண்டவே வேண்டாம் என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னதாக 1980-இல் டூரிங் விருது ஏற்புரையில் அவர் நினைவுகூர்ந்தார். அன்றாட ஓட்டத்தில் எத்தனை முறை எல்லை மீறல் நடக்கிறது என்பதை அதற்குள் அவர்கள் கண்கூடாகப் பார்த்திருந்தார்கள். சோதிக்கும்போது காவலைப் போட்டு, நிஜமான வேலையில் அதை எடுத்துவிடும் வழக்கத்தைப் பற்றி 1973-இலேயே ஹோர் ஓர் ஒப்புமை சொல்லியிருக்கிறார்: கரையில் பயிற்சி செய்யும்போது உயிர்காப்பு உடை அணிந்து, கடலில் இறங்கும்போது அதைக் கழற்றி வைக்கும் படகோட்டியை என்னவென்று சொல்வது? குவிக்பேசிக் வந்தபோது இந்த எச்சரிக்கைக்குப் பத்து வயதுக்கு மேல் ஆகியிருந்தது.

வேகம் பற்றிய மறுப்பை நான் எளிதாகத் தள்ளிவிட விரும்பவில்லை. அன்றைக்கு அது உண்மையான செலவு. அந்தச் செலவை வன்பொருளே ஏற்றுக்கொள்ளட்டும் என்ற யோசனையும் அப்போதே இருந்தது. 1982-இல் வந்த இன்டெலின் 80186-இலேயே, ஓர் எண்ணை இரு எல்லைகளோடு ஒரே கட்டளையில் ஒப்பிடும் பவுண்ட் என்ற கட்டளை உண்டு. எல்லை மீறினால் சிப் தானாக 5-ஆம் எண் இடைமறிப்பை எழுப்பும். ஆனால் 1981-இல் வந்த ஐபிஎம் பிசி அதே 5-ஆம் எண்ணைத் திரையை அச்சடிக்கும் வேலைக்கு ஏற்கெனவே ஒதுக்கிவிட்டிருந்தது. அப்படியே பயன்படுத்தினால் அணியின் எல்லை மீறியதும் பிரின்டர் ஓடத் தொடங்கும். எப்படியும் 8088-இல் அந்தக் கட்டளை கிடையாது என்பதால், எல்லாப் பிசியிலும் ஓட வேண்டிய புரோகிராமுக்கு அது உதவவும் இல்லை. பின்னாளில் 64-பிட் முறையில் அதை எடுத்தே விட்டார்கள். வன்பொருளின் உதவி இல்லாமல் போனது கம்பைலர் எழுதியவர்களின் குற்றமல்ல என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆனால் அந்த நியாயம் அந்தக் காலத்தோடு முடிந்துவிட்டது. இன்றைய சிப், எப்போதும் ஒரே பக்கம் போகும் ஒப்பீட்டை முன்கூட்டியே ஊகித்துவிடுகிறது. எல்லைச் சோதனை என்பது கோடி முறைக்கு ஒருமுறைகூட மறுபக்கம் போகாத ஒப்பீடு. ஒன்றிலிருந்து அணியின் நீளம் வரை ஓடும் லூப்பில் எல்லை மீற வழியே இல்லை என்று கம்பைலரே கண்டறிந்து அந்தச் சோதனையை மட்டும் நீக்கிவிடவும் முடிகிறது. 2024-இல் கூகுள் தன் சேவைகளை இயக்கும் கோடிக்கணக்கான சி-பிளஸ்பிளஸ் வரிகளில் எல்லைச் சோதனையைப் புகுத்திய அனுபவத்தை வெளியிட்டது. சராசரி வேக இழப்பு 0.30 சதவீதம். அந்த முயற்சியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிழைகள் வெளிப்பட்டன. உலகத்திலேயே அதிகம் சோதிக்கப்பட்ட புரோகிராம்களில் சேர்ந்தவை அவை என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

இது அடுத்த மறுப்புக்கும் பதிலாகிறது. நன்றாகச் சோதித்துவிட்டோம், பிழை இல்லை, பிறகு எதற்குக் காவல் என்பது அந்த மறுப்பு. சோதித்தவர் தன்னிடமிருந்த தரவை வைத்துச் சோதித்தார். நாற்பது பேர் வகுப்பை வைத்துச் சோதித்தால் 41-ஆவது மாணவர் வரும் நாளைப் பற்றி அந்தச் சோதனை எதுவும் சொல்லாது. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருள் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை நிறுத்தியது. விமானங்கள் நின்றன, மருத்துவமனைகள் தடுமாறின. 20 மதிப்புகள் மட்டும் தரப்பட்ட இடத்தில், புதிதாக வந்த தரவுக் கோப்பு 21-ஆவது மதிப்பைக் கேட்டது. அதற்கு முந்தைய சோதனைகளிலும் வெளியீடுகளிலும் அந்த 21-ஆவது இடத்தில் எது இருந்தாலும் சரி என்ற குறி இருந்ததால், யாரும் அந்த இடத்தைத் தொடவே இல்லை. சோதனை எல்லாம் தேறியது. பிறகு செய்த திருத்தங்களில் ஒன்று, ஓடும்போதே அணியின் எல்லையைப் பார்க்கும் சோதனையைச் சேர்த்தது. அது பேசிக்கில் எழுதிய மென்பொருள் அல்ல. ஆனால் நம் வகுப்பின் 41-ஆவது மதிப்பெண்ணுக்கும் அந்த 21-ஆவது மதிப்புக்கும் உள்ள வேறுபாடு அளவில் மட்டும்தான்.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. பிழைச்செய்தி காட்டி நின்றுபோகும் புரோகிராமைவிட, எப்படியோ ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம் மேல் அல்லவா? கடையில் வரிசையாக ஆட்கள் நிற்கும்போது பில் போடும் கணினி நின்றால் யாருக்கு லாபம்? இந்தக் கேள்வியின் மிகக் கடுமையான வடிவம் 1996 ஜூன் 4 அன்று வானத்தில் எழுந்தது. ஐரோப்பாவின் ஏரியான் 5 ராக்கெட், முதல் பயணத்திலேயே, கிளம்பிய நாற்பது வினாடிக்குள் அழிந்தது. 64 பிட்டில் இருந்த ஓர் எண்ணை 16 பிட்டுக்குள் அடைக்க முயன்றபோது அது பொருந்தவில்லை, பிழை எழுப்பப்பட்டது, பிழை என்றால் நிறுத்து என்ற விதிப்படி திசைகாட்டும் கணினி நின்றுபோனது. கிளம்பிய பிறகு தேவையே இல்லாத ஒரு கணக்கில் வந்த பிழை அது. கண்டும் காணாமல் விட்டிருந்தால் ராக்கெட் தப்பியிருக்கலாம். சோதனை கொன்றது என்றே ஒருவர் வாதிட முடியும். ஆனால் விசாரணைக் குழுவின் அறிக்கை வேறொன்றையும் சொல்கிறது. அப்படி ஆபத்தான ஏழு மாறிகளில் நான்குக்கு மட்டும் தனிப் பாதுகாப்பு எழுதியிருந்தார்கள். கணினியின் வேலைப்பளு 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற இலக்குக்காக மற்ற மூன்றையும் விட்டுவிட்டார்கள். ஆக, பிழையைக் கண்டுபிடித்ததில் குறையில்லை. கண்டுபிடித்த பிறகு என்ன செய்வது என்று யாரும் யோசித்து வைக்காததே குறை. பேசிக்கில் ஆன் எரர் என்ற வசதி இருப்பதே அதற்காகத்தான்: பிழை வந்தால் கோப்புகளை மூடு, இதுவரை சேர்ந்ததைப் பத்திரப்படுத்து, பயனருக்குச் சொல் என்று எழுதி வைக்கலாம். சோதனையே இல்லாத இஎக்ஸ்இ-யில் அந்த வாய்ப்பு இல்லை. அது ஓடிக்கொண்டிருக்கிறது என்பது உண்மைதான். என்ன எழுதிக்கொண்டிருக்கிறது என்பதற்கு உத்தரவாதம் இல்லை. பில் நிற்பதைவிடத் தவறான பில் பல மாதம் ஓடுவது கடைக்காரருக்குப் பெரிய நஷ்டம் என்றே நான் கருதுகிறேன்.

இனி, சோதனையைப் போட்ட பிறகும் அது பார்க்காதவற்றுக்கு வருவோம். இதைச் சொல்லாமல் மேலே சொன்னதை மட்டும் சொன்னால் பாதி உண்மையாகிவிடும். எல்லைச் சோதனைக்குத் தெரிந்தது அணியின் பெயரும் அடைப்புக்குறிக்குள் வரும் எண்ணும் மட்டுமே. போக் என்ற கட்டளை நினைவகத்தின் முகவரியை நேரடியாக வாங்கிக்கொண்டு அங்கே ஒரு பைட்டை எழுதும். அது எந்த அணிக்குள் விழுகிறது, எதை அழிக்கிறது என்று எந்தச் சோதனையும் கேட்பதில்லை. டாஸ் காலத்தில் ஒரு புரோகிராம் இன்னொன்றின் இடத்தைத் தொடாமல் காக்கும் ஏற்பாடும் கிடையாது. சி மொழியிலோ அசெம்பிளியிலோ எழுதிய துணை நிரலுக்கு அணியின் முதல் இடத்தை அனுப்பும்போதும் இதே கதைதான். அங்கே போய்ச் சேர்வது ஒரு முகவரி மட்டும். அணியின் நீளம் கூடவே போவதில்லை. விசுவல் பேசிக்கில் எழுதியவர்கள் விண்டோஸின் உள் செயல்களை அழைக்கும்போது ஓர் அணியின் முதல் உறுப்பையும், இத்தனை பைட் இடம் இருக்கிறது என்ற எண்ணையும் கொடுப்பது வழக்கம். 100 பைட் அணியைக் கொடுத்துவிட்டு 200 என்று எழுதிவிட்டால், விண்டோஸ் சொன்ன பேச்சை நம்பி 200 பைட் வரை நிரப்பும். பேசிக்கின் சோதனை அந்த வரியைப் பிழையில்லாத வரியாகவே பார்க்கும்.

இரு பரிமாண அணிகளில் இன்னும் நுட்பமான சிக்கல் இருக்கிறது. ஐந்து மாணவர்கள், நான்கு பாடங்கள் கொண்ட அட்டவணையை எடுத்துக்கொள்வோம். குவிக்பேசிக் வழக்கமாக முதல் பாடத்தின் ஐந்து மதிப்பெண்களையும் அடுக்கிவிட்டு, அதற்கடுத்து இரண்டாம் பாடத்தின் ஐந்தையும் அடுக்கும். சோதனை இல்லாத புரோகிராமில் 6-ஆவது மாணவரின் முதல் பாடம் என்று கேட்டால், கூட்டல் கணக்கு நேராக முதல் மாணவரின் இரண்டாம் பாடத்துக்குக் கொண்டுபோய் விடும். எழுதிய மதிப்பெண் அணிக்குள்ளேதான் விழுந்திருக்கிறது. ஆகவே இயங்குதளம் எவ்வளவு கண்டிப்பாக நினைவகத்தைக் காவல் காத்தாலும் அதன் கண்ணில் இது படாது. கடைசியில் வரும் முகவரி அணியின் மொத்த இடத்துக்குள் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும் சோதனையும் இதை விட்டுவிடும். ஒவ்வொரு பரிமாணத்தின் எண்ணையும் தனித்தனியே அதனதன் எல்லையோடு ஒப்பிட்டால்தான் பிடிபடும். இரண்டு பரிமாணம் என்றால் ஒப்பீட்டுச் செலவும் இரு மடங்கு என்பதால், செலவைக் குறைக்க நினைக்கிறவருக்குச் சபலம் ஏற்படும் இடமும் இதுவே.

எண்ணே தவறாகக் கணக்கிடப்பட்டால்? விசுவல் பேசிக் 5, 1997-இல், இயந்திரக் கட்டளைகளாகவே கம்பைல் செய்யும் வசதியோடு வந்தது. அதில் அணி எல்லைச் சோதனையை நீக்கு, முழு எண் வரம்புச் சோதனையை நீக்கு என்று தனித்தனிப் பெட்டிகள் இருந்தன. இவற்றைத் தேர்ந்தெடுத்தால் புரோகிராம் சரியாக ஓடாமல் போகலாம் என்ற எச்சரிக்கையும் அதே சாளரத்தில் இருந்தது. முன்னிருப்பில் சோதனைகள் இருக்கும்படி அமைத்திருந்ததைப் பாராட்ட வேண்டும். ஒருவர் எல்லைச் சோதனையை வைத்துக்கொண்டு, வரம்புச் சோதனையை மட்டும் நீக்குகிறார் என்று வைப்போம். அதன் சாதாரண முழு எண் 32,767 வரைதான் தாங்கும். 400-ஐ 200-ஆல் பெருக்கினால் 80,000 வர வேண்டும். 16 பிட்டுக்குள் அது சுருண்டு 14,464 ஆகிவிடும். அணியில் 20,000 இடங்கள் இருந்தால் 14,464 சட்டப்படியான எண். சோதனை வழிவிடும், மதிப்பு சம்பந்தமே இல்லாத இடத்தில் போய் உட்காரும். இரண்டு சோதனைகளும் ஒன்றையொன்று தாங்கி நிற்பவை. ஒன்றை எடுத்தால் மற்றதன் சொல்லுக்கும் மதிப்பு குறைந்துவிடுகிறது.

சோதனைக்குப் பொருள் தெரியாது என்பது எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் குறை. பேசிக்கில் 10 என்று அறிவித்தால் பெரும்பாலான வடிவங்களில் பூஜ்யத்திலிருந்து பத்து வரை பதினோரு இடங்கள் கிடைக்கும். ஒன்றிலிருந்து எண்ணுகிறவர் தவறிப்போய் பூஜ்யத்தைத் தொட்டாலும் பிழை வராது. அங்கே யாரும் எதையும் வைக்கவில்லை, வரும் விடை பூஜ்யம். நூறு இடம் ஒதுக்கி நாற்பதை நிரப்பியவர் 41-ஐப் படித்தாலும் அப்படியே. நாளைக்குத் தேவைப்படும் என்று தாராளமாக இடம் ஒதுக்குகிறவர், அதே அளவுக்குச் சோதனையின் கண்ணையும் கட்டிவிடுகிறார்.

சோதனை கண்டுபிடித்துச் சொன்ன பிறகும் அதை வாயடைக்க வழி உண்டு. விசுவல் பேசிக்கில் ஆன் எரர் ரெஸ்யூம் நெக்ஸ்ட் என்று ஒரு வரி எழுதினால், பிழை வந்த வரியைத் தாண்டி அடுத்த வரிக்குப் போய்விடும். லூப்புக்குள் அணியிலிருந்து மதிப்பெண்ணை எடுத்து ஒரு மாறியில் வைத்து அச்சடிக்கும் புரோகிராமில் இதைப் போட்டுப் பாருங்கள். 41-ஐக் கேட்கும் வரியில் பிழை எழும், வரி தாண்டப்படும், மாறியில் பழைய மதிப்பு அப்படியே இருக்கும். 41-ஆவது பெயருக்கு நேராக 40-ஆவது மாணவரின் மதிப்பெண் அச்சாகும். பிழைச்செய்தியால் வாடிக்கையாளர் கோபப்படுகிறார் என்பதற்காக இந்த வரியை எங்கெங்கும் தூவுவது, சோதனையை நீக்கியே கம்பைல் செய்வதைவிட எந்த வகையிலும் மேலானதல்ல.

இத்தனை ஓட்டைகள் இருந்தால் சோதனையால் பயன்தான் என்ன என்று கேட்கலாம். ஓட்டைகள் எல்லாம் எண்ணிப் பார்க்கக்கூடிய இடங்களில் இருக்கின்றன என்பதே பயன். சோதனை இருக்கும் புரோகிராமில் தவறான விடை வந்தால் போக் வரிகளையும், வெளி அழைப்புகளையும், பிழையை விழுங்கும் வரிகளையும் மட்டும் தேடினால் போதும். சோதனை இல்லாத புரோகிராமில் எந்த வரியும் எந்த மாறியையும் கெடுத்திருக்கலாம். தேடலுக்கு எல்லையே கிடையாது.

பேசிக்கையெல்லாம் இப்போது யார் பயன்படுத்துகிறார்கள் என்பது மிச்சமிருக்கும் மறுப்பு. 1998-இல் வந்த விசுவல் பேசிக் 6-இல் எழுதிய புரோகிராம்கள் ஓடுவதற்கான ரன்டைம் கோப்புகள் விண்டோஸ் 11-இலும் கூடவே வருகின்றன. அவற்றை நம்பி இன்றும் பலர் இருப்பதால்தான் மைக்ரோசாஃப்ட் அதைத் தொடர்கிறது. வழித்தோன்றல்களும் இருக்கின்றன, அவை எடுத்த முடிவுகளும் ஒன்றல்ல. 2002-இல் வந்த விபி டாட்நெட்டில் அணி எல்லைச் சோதனையை நீக்கும் தேர்வே இல்லை; முழு எண் வரம்புச் சோதனையை மட்டும் நீக்கலாம். கியூபி64-இல் சோதனை முன்னிருப்பாக உண்டு. வேண்டாதவர் தன் நிரலிலேயே ஒரு வரி எழுதி, குறிப்பிட்ட பகுதிக்கு மட்டும் அணைத்துக்கொள்ளலாம். இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. வேகம் உண்மையிலேயே தேவைப்படும் பத்து வரிகளுக்கு மட்டும் காவலை விலக்கி, விலக்கிய இடம் நிரலைப் படிக்கிற எவருக்கும் தெரியும்படி வைக்கிறது. ஃப்ரீபேசிக் பழைய வழக்கத்தையே தொடர்கிறது: இஎக்ஸ்எக்ஸ் என்ற தேர்வைக் கேட்டுக் கம்பைல் செய்தால்தான் எல்லைச் சோதனை, முகவரியைத் தாங்கும் பாயின்டர் வழியாக நினைவகத்தைத் தொடும் வரிகளுக்கு அப்போதும் எல்லைச் சோதனை கிடையாது.

பழைய பேசிக் புரோகிராம் ஒன்றை இன்னும் நம்பிக்கொண்டிருக்கிற அலுவலகமோ கடையோ, மூல நிரல் கையில் இருந்தால், சோதனைகளைச் சேர்த்து ஒருமுறை மறுபடி கம்பைல் செய்து, சொந்தத் தரவை வைத்து ஒரு மாதக் கணக்கை ஓட்டிப் பார்க்கலாம். குவிக்பேசிக் என்றால் கட்டளை வரியில் அந்த டி. விசுவல் பேசிக் 6 என்றால் நீக்கச் சொல்லும் பெட்டிகளில் குறி இல்லாமல் இருப்பது, கூடவே ரெஸ்யூம் நெக்ஸ்ட் வரிகளைத் தற்காலிகமாக அணைத்து வைப்பது. இத்தனை ஆண்டுகள் ஓடிய புரோகிராம் முதல் நாளே ஏதாவது ஒரு வரியில் நின்றால், அந்த வரியையும் அப்போது அணிக்குப் போன எண்ணையும் குறித்துக்கொண்டு, அந்த அணியோடு தொடர்புள்ள பழைய அறிக்கைகளை மறுபடி சரிபார்க்கத் தொடங்க வேண்டும்.